பார்த்து வரைவது பாவமா?

சென்ற திங்கள் நம் மன்றத்தில் நடைபெற்ற சொற்போரில் நண்பர் ஒருவர், “பிறர் வரைந்த படத்தைப் பார்த்து வரைகிறவன் ஓவியன் அல்லன், எச்சில் இலையில் சாப்பிடுகிறவன்!” என்று முழங்கினார். கைதட்டல் பெரிதாக எழுந்தது. நானும் தட்டினேன். தட்டிய கையில் அப்போது பழுப்பு வண்ணம் ஒட்டியிருந்தது. ஏனெனில் அன்று மாலைதான் ஸ்பெயின் நாட்டு மன்னன் நான்காம் பிலிப்பின் தாடையைப் பதினோராம் முறையாகத் துடைத்துவிட்டு வந்திருந்தேன். மேடையேறி மறுமொழி கூறும் துணிவு எனக்கில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

நான் ஓவியத்துறை மாணவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேதியியல் படிக்கிறேன். பரோடாவுக்கு வந்த முதலாண்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடமின்றித் திரிந்தபோது, மாண்ட்வி வாயிலுக்கு அருகே ஒரு சந்தில், காலமான பெரியவர்களின் உருவங்களைப் புகைப்படம் பார்த்துத் தைலவண்ணத்தில் தீட்டிக் கொடுக்கும் முதியவர் ஒருவரைக் கண்டேன். அக்கம்பக்கத்தார் அவரைக் ‘காகா’ என்பார்கள். நம்மூரில் சித்தப்பா என்கிறோமே, அதுபோல. நானும் அவ்வாறே அழைத்தேன். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது அவர் மூன்று நாட்கள் மறுமொழியே சொல்லவில்லை. நான்காம் நாள், “முகம் வரைய வேண்டுமானால் முதலில் ஒரு ராஜாவை வரைந்துவிட்டு வா” என்றார்.

ராஜா என்று அவர் சொன்னது வெலாஸ்கெஸ் வரைந்த நான்காம் பிலிப்பை. லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது அந்தப் படம். பழுப்பு உடையும் வெள்ளிச் சரிகையுமாக மன்னன் முழு உருவில் நிற்கிறான். ஒரு கையில் மடித்த தாள், மறுகை வாளின் பிடியில். 1630களின் தொடக்கத்தில் தீட்டப்பட்டது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய கான்வாஸுக்கு என் உதவித்தொகை இடந்தராது. ஆகவே தலையும் மார்பும் ஒரு சட்டைக்கையும் மட்டும் என்று முடிவாயிற்று. ‘ஈசல் வாங்கப் போகிறேன்’ என்று விடுதியில் சொன்னபோது அறைநண்பன், “மழையே இன்னும் வரவில்லையே அப்பா, அதற்குள் ஈசலா?” என்றான். படம் தாங்கும் அந்த மரச்சட்டத்திற்கு நம்மிடையே வேறு பெயர் புழக்கத்தில் இல்லாததன் விளைவு இது!

இனி அந்தத் தாடைக்கு வருகிறேன்.

ஹாப்ஸ்பர்க் குலத்தவரின் தாடை உலகறிந்தது. கீழுதடு தடித்து, மோவாய் நீண்டு முன்வந்து நிற்கும். நான் கரிக்கோலால் முதற்கோடு போட்டபோது எல்லாம் ஒத்து வருவதாகவே தோன்றிற்று. காகா ஒரு முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் படத்தை அதில் காட்டினார். இடவலம் மாறியவுடன் பிழை பளிச்சென்று தெரிந்தது. என் பிலிப் அழகனாக இருந்தான்! மோவாயைக் குறுக்கி, உதட்டை மெலிதாக்கி, நம் திரைப்படக் கதாநாயகன் ஒருவனின் சாயலை அவனுக்குத் தந்துவிட்டிருந்தேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. மன்னனிடம் ஊதியம் வாங்கிய அரசவை ஓவியன் செய்யாத முகத்துதியை, மன்னனுக்கும் எனக்கும் 400 ஆண்டு இடைவெளி இருந்தும் நான் செய்தேன். கண்ணால் காண்பதை விட்டு, மனத்தில் முன்பே இருக்கும் முகத்தைத்தான் கை வரைகிறது என்பதை எந்த நூலைப் படித்து நான் அறிந்திருக்க முடியும்? உயிருள்ள மனிதரை எதிரே அமர்த்தி வரைந்திருந்தால், ‘அவர் அசைந்துவிட்டார், வெளிச்சம் மாறிவிட்டது’ என்று சாக்குச் சொல்லியிருப்பேன். பிலிப் அசையவில்லை. அவன் மேல் விழுந்த வெளிச்சமும் மாறவில்லை. பிழை முழுவதும் என்னுடையது என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு பாடம் வெள்ளிச் சரிகையில் கிடைத்தது. அச்சுப் படத்தில் அந்தச் சட்டைக்கை, பூவும் கொடியுமாக நுணுக்கமாகப் பின்னப்பட்டதுபோலத் தோன்றும். மிகச் சிறிய தூரிகை ஒன்றை வாங்கி, மூன்று மாலைப்பொழுதுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இழையாகப் போட்டேன். முடிந்தபின் பார்த்தால், சட்டையின் மேல் சுண்ணாம்பால் கோலம் போட்டதுபோல் இருந்தது. காகா ஒன்றும் சொல்லாமல் தட்டைக்கத்தியை எடுத்து மூன்று நாள் உழைப்பையும் ஒரே இழுப்பில் வழித்தெறிந்தார். (அந்த நொடியில் அவர்மேல் எனக்கு எழுந்த எண்ணத்தை இங்கு எழுதுவதற்கில்லை.) பிறகு அந்தப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் படமொன்றைக் கணினியில் பார்க்கச் சொன்னார். பூவுமில்லை, கொடியுமில்லை! சாம்பல் நிறத்தில் சில இழுப்புகள். அவற்றின் மேல் அங்குமிங்கும் வெள்ளைத் திவலைகள். சில இடங்களில் அடிப்பூச்சுப் பழுப்பு அப்படியே விடப்பட்டிருந்தது. அருகில் போனால் வெறும் வண்ணச் சேறு. பத்தடி தள்ளி நின்றால் வெள்ளி! சரிகையை வெலாஸ்கெஸ் வரையவேயில்லை. சரிகையின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை வரைந்திருக்கிறார். இதைப் படித்தால் ஒரு வரிதான். என் மணிக்கட்டு இதை ஏற்பதற்கோ இரண்டு மாதம் பிடித்தது.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசை. தைலவண்ணம், நாம் நினைப்பதுபோல, நீர் வற்றுவதைப்போல் உலர்வதில்லை. டர்ப்பன்டைன் ஆவியாகிப் போகும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உட்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, தோல்போல் இறுகுகிறது. அதனால்தான் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மாற்றிச் செய்தால், மேலே உள்ளது முதலில் இறுகிவிட, கீழே உள்ளது பின்னும் அசைந்து, படம் வயல்போல் வெடிக்கும். இந்த விதியை நான் முன்பே அறிவேன். வகுப்பில் கேட்டால் சமன்பாட்டோடு எழுதியிருப்பேன். ஆயினும் என் பிலிப்பின் நெற்றியில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடுகிறது. விதி தெரிந்தும் பொறுமை இல்லாதவனின் கையெழுத்து அது.

இப்போது நம் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். எச்சில் இலை என்றார். நான் கேட்கிறேன்: இசை பயிலும் பிள்ளை ‘விரிபோணி’ வர்ணத்தை ஆசிரியர் பாடியபடியே, ஒரு கமகம் பிசகாமல் பாடும்போது அதை யாரேனும் எச்சில் என்று சொன்னதுண்டா? சுவாமிமலையில் மெழுகில் உரு பிடிக்கப் பழகும் இளைஞன், தென்னங்கீற்றை மடித்துத் தந்தை எடுத்த அதே அளவை எடுக்கிறான். அவனைத் திருடன் என்போமா? தஞ்சாவூர்ப் படம் எழுதுவோர் வீட்டில் பாட்டன் காலத்து மாதிரித் தாள்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றனவே! பாட்டிலும் சிற்பத்திலும் பரம்பரை என்று போற்றுவதை, தைலவண்ணத்தில் மட்டும் களவு என்று தூற்றுவது என்ன நியாயம்?

மேல்நாட்டாரும் அப்படி நினைத்ததில்லை. 1628இல் ரூபன்ஸ் மாட்ரிட் நகருக்குத் தூது சென்றார். அப்போது அவருக்கு வயது 51. ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தார். அங்கே அரசனின் சேகரிப்பில் இருந்த டிஷியனின் ஓவியங்களின் முன் அமர்ந்து, ஒரு மாணவனைப்போல் படியெடுத்தார். டிஷியனின் ‘ஆதாமும் ஏவாளும்’, ரூபன்ஸ் அதைப் பார்த்து வரைந்த படி, இரண்டும் இன்று பிராடோ காட்சியகத்தில் உள்ளன. அந்த அரசன் யார் தெரியுமா? நம் நான்காம் பிலிப்பேதான்!

படி என்பதன் பெருமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியை, கால்களை அகட்டி நிற்கும் கோலத்தில், ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் ஹோல்பைன் 1537இல் தீட்டினார். 1698இல் அரண்மனை எரிந்தது. சுவரோடு ஓவியமும் போயிற்று. அந்தச் சுவரோவியம் முழுவதும் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது, 1667இல் வான் லீம்புட் என்பவர் அதைப் பார்த்துச் சிறிய அளவில் படியெடுத்து வைத்ததால்தான்.

நம் நாட்டுக் கதை வேறு. அது கொஞ்சம் வருத்தமான கதை. இளைஞர் ரவிவர்மா 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கே தைலவண்ணம் அறிந்த மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவரிடம் பணிபுரிந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஒருவருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரையும் அரசியையும் வரைய வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டும் இசைந்தார். பார்த்தார் ரவிவர்மா. பார்த்ததை அறைக்குப் போய்ச் செய்து பார்த்தார். ஆசிரியன் வாய் திறவாத இடத்தில் படம் வாய் திறந்து பேசுகிறது. கற்பிக்க ஆளில்லாதவனுக்கு, பணமில்லாதவனுக்கு, ஓவியக் கல்லூரியின் வாயிலை மிதிக்க முடியாதவனுக்கு, பார்த்து வரைவது ஒன்றே திறந்திருக்கும் கதவு. அந்தக் கதவையும் ‘பாவம்’ என்று சொல்லிச் சாத்துவது யாருக்கு நன்மை?

ரவிவர்மாவின் பெயரை எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. நாம் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம்? கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், 1881இல், சயாஜிராவ் மன்னரின் பட்டமேற்பை ஒட்டி ரவிவர்மா வந்து அரச குடும்பத்தாரை வரைந்த ஊர் இது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தஞ்சையிலிருந்து ஓர் இளம்பெண், தன்னுடன் ஆடற்கலைஞர் குழு ஒன்றையும் அழைத்துக்கொண்டு, சயாஜிராவுக்கு மணமகளாக வந்து சிம்னாபாய் என்ற பெயர் பெற்றாள். ஐந்தாண்டுகளில் மறைந்தும் போனாள். நாம் தினமும் கடந்து செல்லும் கலைப்புலக் கட்டடத்தின் பெரிய குவிமாடத்தை அமைத்த சிஷோம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் கட்டியவர். இந்த ஊர் நமக்கு அவ்வளவு அயலூர் அன்று!

அரண்மனை வளாகத்திலுள்ள பதேசிங் காட்சியகத்தில் ரவிவர்மாவின் அரச உருவப்படங்கள் இருக்கின்றன. பிலிப்போடு நான்கு மாதம் போராடிய பிறகு அங்கே போனேன். முன்பும் ஒருமுறை போயிருக்கிறேன். அப்போது ‘எவ்வளவு நகை!’ என்று வியந்துவிட்டுக் கால்மணி நேரத்தில் திரும்பினேன். இம்முறை இரண்டு மணி நேரம் நின்றேன். தஞ்சாவூர்ப் படத்தில் பொன் என்றால் உண்மையான பொன் இதழை ஒட்டுவார்கள். இங்கே பொன்னே கிடையாது! பழுப்பு, மஞ்சட்காவி, ஓரத்தில் சற்றே பச்சை கலந்த நிழல், உச்சியில் தடித்த வெளிர்மஞ்சள் ஒரு சொட்டு. அவ்வளவே. பொன்னில்லாமல் பொன் செய்யும் வித்தை அது. நான் பார்த்து வரைந்திராவிட்டால் இதைப் பார்த்தே இருக்க மாட்டேன். படியெடுத்தலின் முதற்பயன் கைக்கன்று, கண்ணுக்கு.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நான் பிலிப்பை வரைந்தது அச்சுப் படத்தைப் பார்த்து. மூன்று இடங்களில் அச்சிட்டேன். மூன்றிலும் பழுப்பு மூன்று விதம். ஒன்றில் மன்னன் காமாலை கண்டவனாக இருந்தான். பூச்சின் தடிப்பு, மெல்லிய பூச்சினூடே அடிநிறம் கசியும் அழகு, இவற்றில் எதுவும் தாளில் வாராது. லண்டனுக்குப் போக என்னால் இயலாது. ஆனால் அசலான அரச உருவப்படங்கள் நம் நாட்டிலேயே இல்லையா? இங்கே பரோடாவில், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், திருவனந்தபுரத்தில், சென்னை எழும்பூரில் ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. 1979இல் நடுவண் அரசு அவற்றைத் தேசியக் கலைச்செல்வம் என்று அறிவித்தது. செல்வத்தைப் பூட்டி வைப்பது ஒரு வகைப் பாதுகாப்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் முன் ஒரு மாணவன் அமர்ந்து கற்கக் கூடாதா?

வேறோர் ஊரில் ஒரு காட்சியகத்திற்குப் போயிருந்தேன், பெயர் வேண்டா. சட்டைப் பையிலிருந்து பென்சிலையும் சிறு ஏட்டையும் எடுத்தேன். காவலர் விரைந்து வந்து, “தம்பி, அதெல்லாம் இங்கே கூடாது” என்றார். ‘எழுதித்தான் கேட்க வேண்டுமா, ஐயா?’ என்றேன். அலுவலகத்தைக் காட்டினார். அங்கே இருந்தவர் என் விண்ணப்பத்தை வாங்கவில்லை. “போட்டோ எடுக்கத் தடையில்லையே, எடுத்துக்கொண்டு போங்களேன்” என்று பரிவாகவே சொன்னார். பரிவாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. கையால் வரைவதற்கும் கைப்பேசியில் பதிவதற்கும் வேறுபாடு இருக்கும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை.

பாரிஸ் லூவர் காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட நாள்தொட்டு ஓவியர்களைப் படியெடுக்க விட்டிருக்கிறது, இன்றும் விடுகிறது. கட்டுப்பாடுகள் உண்டு. படி, அசலின் அளவில் இருத்தலாகாது. ஐந்தில் ஒரு பங்கேனும் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். அசல் ஓவியரின் கையொப்பத்தைப் போடலாகாது. போலிக்கும் படிக்கும் நடுவே கோடு இவ்வளவு எளிதாகக் கிழிக்கப்பட்டுவிட்டது! காகாவும் இதையே வேறு வகையில் செய்தார். தூரிகை எடுக்குமுன், கான்வாஸின் பின்புறத்தில் ‘வெலாஸ்கெஸ் வரைந்ததைப் பார்த்து வரைந்தது’ என்று என்னை எழுதச் சொல்லி, அதற்குக் கீழே என் பெயரையும் நாளையும் போடச் செய்தார். நம் காட்சியகங்கள் கிழமையில் ஒரு நாள், நான்கு மாணவர்களுக்கு, இத்தகைய விதிகளோடு இடம் தந்தால் என்ன குறைந்துவிடும்? டர்ப்பன்டைன் நெடி ஓவியங்களுக்கு ஆகாது என்றால் கரிக்கோலோடு வரச் சொல்லட்டும். அதுவே பெரிது.

‘மன்னர் ஆட்சி ஒழிந்து, மன்னர் மானியமும் 1971இல் ஒழிந்தபின், மன்னன் முகத்தை வரைந்து என்ன பயன்? உழவன் முகத்தை வரையக் கூடாதா?’ என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உளர். நல்ல கேள்வி. உழவனை வரையத்தான் எனக்கும் ஆசை. திருவையாற்றில் என் தாத்தாவை வரைய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும். ஆனால் ஒரே சட்டத்திற்குள் முகமும் கையும் பட்டும் உலோகமும் திரைச்சீலையும், இவ்வளவையும் ஒரு பேரோவியனின் முழு உழைப்போடு தீட்டவைக்கும் பணம் அந்நாளில் மன்னர்களிடமே இருந்தது. பாடநூல் அவர்கள் செலவில் எழுதப்பட்டது, படிப்பவன் நான். மேலும் பிலிப்பின் அந்த முகத்தில் பெருமிதம் குறைவு, களைப்பு மிகுதி. தன் அரசனையே அப்படிப் பார்த்த கண்ணிடம் உழவனை வரையப் போகிறவன் கற்பதற்கு ஒன்றுமில்லையா?

நண்பர் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் வாதாடவில்லை. பார்த்து வரைவதிலேயே ஆயுளைக் கழித்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். எந்த முகத்தை வரைந்தாலும் ஒரே பழுப்பு, ஒரே நிழல். வேறொருவரின் குரலில் பேசிப் பேசித் தம் குரலை மறந்தவர்கள். அச்சுப் படத்தின் பிழைகளையே நடை என்று நம்பியவர்களும் உண்டு. இந்த ஊர் நுண்கலைப் புலத்தை 1950க்குப் பின் வளர்த்த பெந்த்ரே, கே.ஜி. சுப்ரமணியன் போன்றோர் இத்தகைய பழைய பாதையை விட்டு விலகியதற்கு நியாயம் இருந்தது. கணினியோ இன்று நொடிப்பொழுதில் எந்த மன்னனையும் எந்த ஓவியன் பாணியிலும் வரைந்து தள்ளுகிறது. வெறும் படிதான் வேண்டுமென்றால் என் நான்கு மாதமும் வீண்தான். எத்தனை படி எடுக்கலாம் என்று காகாவிடம் கேட்டேன். “மூன்று. நான்காவது வரைந்தால் என்னிடம் வராதே” என்றார். ஏன் மூன்று என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இரண்டு மிச்சம்.

பிலிப் இப்போது என் அறைச் சுவரில் காய்ந்துகொண்டிருக்கிறான். விடுதியைக் கூட்ட வரும் அம்மையார் நேற்று நின்று பார்த்துவிட்டு, “உன் தாத்தாவா? உடம்புக்கு என்ன?” என்று குஜராத்தியில் கேட்டார். அடுத்த கூட்டத்திற்கு அந்தப் படத்தைக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எச்சில் இலை என்ற நண்பர் அவசியம் வர வேண்டும். பத்தடி தள்ளி நின்று அந்தச் சட்டைக்கையைப் பார்க்கட்டும். பிறகு அருகில் வந்து பார்க்கட்டும். நெற்றியிலுள்ள வெடிப்பைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.